பிள்ளையின் காய்ச்சலும் வீட்டுச் சிட்டையும்: மருத்துவச் செலவை எடைபோடும் முறை

செட்டிநாட்டில் கணக்கு எழுதாத வீடு அரிது. கொண்டுவிற்கப் போன ஆண்கள் பேரேடும் ஐந்தொகையும் எழுதினார்கள். வீட்டிலிருந்த ஆச்சிமார் பால் கணக்கு, சலவைக் கணக்கு, மொய்க் கணக்கு என்று சிட்டை சிட்டையாக எழுதிவைத்தார்கள். என் மாமியாருடைய மொய் நோட்டில் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து ரூபாய்கூட விடுபடாமல் இருக்கிறது. அதே வீட்டில், பிள்ளைகளுக்கு எந்த ஆண்டு என்ன காய்ச்சல் வந்தது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எவ்வளவு செலவானது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த வெற்றிடத்தின் விலையை இரண்டு பிள்ளைகளை வளர்த்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

நடுச்சாமத்தில் பிள்ளையின் உடம்பு கொதிக்கும்போது மனத்துக்குள் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே வரும். ஒரு பக்கம், செலவுக்குப் பயந்து "விடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு, ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியதை லட்சத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மறுபக்கம், பயத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, தேவையில்லாத பரிசோதனைக்கும் படுக்கைக்கும் பணத்தைக் கொட்டுகிறோம். இரண்டு தவறையும் நான் செய்திருக்கிறேன். ஆகவே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பகல் பொழுதில் உட்கார்ந்து எவற்றை முடிவுசெய்து, இதற்கென ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், எதை எடைபோடவே கூடாது

நோட்டின் உள்ளட்டையில், வீட்டில் யார் திறந்தாலும் கண்ணில் படும்படி, பணத்தைப் பற்றி யோசிக்காமல் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளை எழுதுங்கள். பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அது காத்திருக்கக் கூடாத காய்ச்சல். எந்த வயதிலும் பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாமல் போவது, உள்ளே போனதெல்லாம் வாந்தியாக வெளியே வருவது, வலிப்பு, எழுப்பினால் கண் விழிக்காத சோர்வு, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். மூச்சை எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம்.

டெங்குவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மழை ஓய்ந்த பிறகு நம் பக்கத்து வீடுகளின் பெரிய முற்றங்களில் தேங்கும் நீரும், மூடாத அண்டாக்களும் அந்தக் கொசுவுக்குப் போதுமானவை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடையும் நாள், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், டெங்குவில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நாள். அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிட்டுப் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அந்த ஊர்திக்குக் கட்டணம் இல்லை. கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் கெடுதல் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் சாவியைத் தேடும் இரண்டு நிமிடம் கெடுதல்தான்.

யார் முடிவெடுப்பது

இதை நோட்டில் எழுதும் வீடு மிகக் குறைவு. நம் ஊர்களில் பல வீடுகளில் பிள்ளையின் தகப்பனார் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார். வீட்டில் தாயும் அப்பத்தாவும் மட்டும் இருப்பார்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இரவுப் பணியில் இருப்பவர் போனை எடுக்காமல் போகலாம். "அவுகளைக் கேக்காம எப்படிப் போறது" என்று காத்திருந்து இரண்டு மணி நேரம் கழித்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் சிவகங்கையில் முடிய வேண்டியது மதுரை வரை போய்விட்டது.

ஆகவே குடும்பத்தார் அனைவரும் இருக்கும்போதே பேசி, ஒரு தொகையை வரையறுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 15,000 ரூபாய் வரை வீட்டில் பிள்ளையோடு இருப்பவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம். அதற்கு மேல் போனால் இன்னாருக்குச் செய்தி சொல்ல வேண்டும். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தால் இந்த வரம்பும் கிடையாது. அந்தத் தொகை அவருடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், சிறு பகுதி ரொக்கமாக வீட்டில் இருக்க வேண்டும். இரவில் வரக்கூடிய இரண்டு கார் ஓட்டுநர்களின் எண்களையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அப்பத்தாவின் நம்பிக்கைகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அம்மனை வேண்டி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்துவைக்க ஒரு நிமிடம் போதும்; திருநீறு பூசிக்கொண்டே வண்டியில் ஏறலாம். எங்கள் வீட்டில் அந்த மஞ்சள் முடிச்சு வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே ஆஸ்பத்திரிக் கைச்செலவுப் பணத்தையும் வைத்திருக்கிறோம். ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு உரை மருந்து, எண்ணெய், சர்க்கரைத் தண்ணீர் ஆகியவற்றை வாயில் ஊற்றுவதை மட்டும் உறுதியாக, மரியாதையோடு தடுத்துவிட வேண்டும்.

முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் எடையை மாதந்தோறும் எழுதுங்கள். குழந்தைகளுக்கான மருந்தின் அளவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தே அமைகிறது. அங்கன்வாடியில் இலவசமாக எடை பார்ப்பார்கள். பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இதே மருந்து கடையில் மூன்று வடிவில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து, 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப். ஆகவே அந்த 150 மில்லிகிராம் முதல் புட்டியில் ஒன்றரை மில்லிலிட்டர், இரண்டாவதில் ஆறேகால் மில்லிலிட்டர், மூன்றாவதில் மூன்று மில்லிலிட்டர். மேசைமேல் மூன்று புட்டிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. 120 மில்லிகிராம் சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். உங்கள் வீட்டில் இருக்கும் புட்டியின் அளவு என்ன, அதில் எத்தனை மில்லிலிட்டர் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, எடைக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து ஆவணங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை; சான்றிதழில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பெயர் சூட்டுவது தள்ளிப்போனாலும் இந்தக் கெடு தள்ளிப்போகாது. அந்தச் சான்றிதழை வைத்துக் குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான நீல நிற ஆதார் அட்டைக்குக் கைரேகை தேவையில்லை. இந்த மூன்றும் இல்லாமல் காப்பீட்டுக் கவுன்டரில் நின்றால் பிள்ளையை விட்டுவிட்டுத் தாளுக்காக அலைய நேரிடும்.

தடுப்பூசி அட்டையும் இந்த நோட்டுக்குள்தான் இருக்க வேண்டும். தட்டம்மை, நியூமோகாக்கல், ரோட்டா வைரஸ், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் உள்ளிட்ட ஊசிகளும் சொட்டு மருந்துகளும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் முற்றிலும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இவற்றில் சிலவற்றைத் தனியாரிடம் போட்டுக்கொண்டால் ஆயிரக்கணக்கில் ஆகிறது. தனியாரிடம் போடுவது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கௌரவத்துக்காக மட்டும் அங்கே போகிறவர்கள், அந்தப் பணத்தை அரசுத் திட்டத்தில் இல்லாத ஊசி எதையாவது மருத்துவர் பரிந்துரைத்தால் அதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த மருத்துவமனை

ஒரு மருத்துவமனையின் உண்மையான செலவு அதன் பில்லில் முழுமையாகத் தெரிவதில்லை. கார் வாடகை, கூட இருப்பவரின் சாப்பாடு, இழந்த நாள்கூலி, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்கான செலவு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் செலவு. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 40 கிலோமீட்டர், சிவகங்கை ஏறத்தாழ 50, மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-லும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-லும் தொடங்கப்பட்டன. அதற்கு முன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோதான் ஓட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் இன்றும் நேராக மதுரைக்குப் போகிறவர்கள், அதைவிட அருகில் இருக்கும் இரண்டு மருத்துவக் கல்லூரிகளை மறந்துவிடுகிறார்கள்.

சாதாரணச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது உங்களுக்கு வழக்கமான குழந்தை மருத்துவர். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுவது பெரிய சிக்கனம்; பிள்ளையின் முந்தைய நிலை அவருக்குத் தெரிந்திருப்பதால், புதியவர் எழுதும் பரிசோதனைகளில் பாதியை அவர் எழுதமாட்டார். மூன்று நாளில் மூன்று மருத்துவர் மாறினால் மூன்று கட்டணமும், மூன்று ஆன்டிபயாட்டிக்கும், முதலிலிருந்து தொடங்கும் மூன்று ஊகமும்தான் மிஞ்சும். பிறந்த குழந்தைக்கு மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, எடைக்குறைவு போன்ற சிக்கல் என்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் பச்சிளம் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவை முதலிலேயே விசாரியுங்கள். ஜனனி சிசு சுரக்ஷா என்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து அனைத்தும் கட்டணமில்லாதவை. பிறவி இதயக் குறைபாடு, உதட்டுப் பிளவு, காது கேளாமை போன்றவற்றை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவினர் கண்டறிந்து, உயர்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் 2013 முதல் இருக்கிறது. ஊரில் மானம் போகும் என்று பிள்ளையின் குறையை அந்தக் குழுவிடம் மறைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அவர்கள் சொத்தை விற்றார்கள்.

வயிற்றுப்போக்கு: நான் கொடுத்த விலை

என் இளைய மகளுக்குப் பதினான்கு மாதமாக இருந்தபோது ஒரு நாள் எட்டு முறை வயிற்றுப்போக்கு ஆனது. பிள்ளை தண்ணீர் குடித்தாள், அழும்போது கண்ணீர் வந்தது, சிறுநீரும் போனாள். ஆனாலும் பதற்றத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையில் ஊசி குத்தி இரண்டு இரவு குளுக்கோஸ் ஏற்றினார்கள். பில் 18,400 ரூபாய். வீட்டுக்கு வந்து பில்லை விரித்துப் பார்த்தபோது அந்த இரண்டு இரவுக்கு இருபத்திரண்டு ஜோடி கையுறை எழுதப்பட்டிருந்தது. அறைக்குள் செவிலியர் வந்தது அதில் பாதிகூட இருக்காது. பணத்தைவிட, குத்திய இடத்தில் வீங்கிப்போன அந்தச் சின்னக் கையை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

ஓராண்டு கழித்து அவளுக்கு மறுபடி வந்தது. இம்முறை கிராம சுகாதார செவிலியர் சொன்னபடி வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்யப்பட்ட, ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: வீட்டிலிருக்கும் பித்தளைப் படியால் அளக்காதீர்கள். படி லிட்டர் ஆகாது. ஊருக்கு ஊர் அதன் அளவும் மாறும். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். டம்ளரில் கொடுத்தால் மடக்கென்று குடித்து வாந்தி எடுத்துவிடும். நாங்கள் முற்றத்துப் படியில் உட்கார்ந்து, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையில் ஊற்றி, அதன் மூக்கை உதட்டோரம் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று சாய்த்தோம். நான் களைத்தபோது அப்பத்தா வாங்கிக்கொண்டார். கரைத்த நீரை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதனுடன் துத்தநாக மருந்து பதினான்கு நாள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு 10. வயிற்றுப்போக்கு நின்றதும் இதை நிறுத்திவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெரிதாகப் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. பழச்சுவைப் பெட்டியைத் தவிர்த்து, பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். மலத்தில் இரத்தம் கலந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

மருத்துவர் முன்னால் பேச வேண்டியவை

செலவைப் பற்றிக் கேட்பதை அவமானமாக நினைக்காதீர்கள். மருத்துவரைச் சந்தேகிக்கும் தொனி இல்லாமல், தெரிந்துகொள்ளும் தொனியில் கேட்டால் பெரும்பாலோர் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள். நான் கேட்கும் கேள்விகள் இவை: "இந்தப் பரிசோதனையோட முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறுமா டாக்டர்?" "இன்னிக்கே எடுக்கணுமா, நாளைக்குப் பாத்துட்டு எடுக்கலாமா?" "வீட்ல வச்சுப் பாத்துக்கலாம்னா எதைக் கண்டதும் நாங்க திரும்ப வரணும்?" மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பல நேரங்களில் ஓர் இரவு அனுமதியைத் தவிர்ப்பது இந்தக் கேள்விதான்.

சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் ஆன்டிபயாட்டிக் பயன்படாது. "சீக்கிரம் குணமாகிற மாதிரி ஏதாச்சும் எழுதிக் கொடுங்க" என்று நாமே வற்புறுத்தி எழுதவைப்பதும் உண்டு. இருமல் சிரப்பைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாக இருங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலரின் உயிரைப் பறித்த, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்து நம் மாநிலத்தில் தயாரானது. அதையொட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. போன மாதம் மூத்தவனுக்கு வாங்கிய புட்டியிலிருந்து இளையவளுக்கு ஊற்றுவது சிக்கனமாகாது.

மருந்தின் வேதிப்பெயரை எழுதித்தருமாறு கேட்டு வாங்கினால், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ தமிழக அரசின் முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கக்கூடும். முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்டன. குழந்தைகளுக்கான சிரப் வகைகள் எல்லாம் அங்கே எப்போதும் இருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

அனுமதி, காப்பீடு, பில்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். விவரம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குரியது. வெளிநோயாளியாகக் காய்ச்சலுக்குப் பார்த்துவிட்டு வருவதற்கு உதவாது. தனியார் மருத்துவமனையில் அனுமதிக்கும் முன்பே "இந்தச் சிகிச்சை திட்டத்தில் வருமா, வந்தால் கூடுதலாக எதற்காவது பணம் கேட்பீர்களா" என்று திட்டத்துக்கான உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள, தொழிலாளர் ஈட்டுறுதியான இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதன் மருத்துவ வசதி உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிந்தும் பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விட்டவர்கள் பலர்.

தனியார் காப்பீடு எடுப்பவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பெரும்பாலான குடும்பப் பாலிசிகளில் குழந்தையைத் தொண்ணூறு நாள் ஆன பிறகே சேர்ப்பார்கள். புதிய பாலிசியில் விபத்தைத் தவிர முதல் 30 நாட்களுக்கு எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று 5,000 ரூபாய் அறையை மூன்று நாளைக்கு எடுத்தால், வாடகை வித்தியாசம் 6,000 ரூபாய் மட்டும்தான் கையைவிட்டுப் போகும் என்று நினைப்போம். ஆனால் மருத்துவர் வருகை, செவிலியர் பராமரிப்பு போன்ற, அறையோடு சேர்ந்த கட்டணங்களையும் ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்துவிடுவார்கள். அவை 15,000 ரூபாய் என்றால் 9,000தான் வரும். ஆக, 2,000 ரூபாய் உயர்ந்த அறையின் மெய்யான விலை மூன்று நாளில் 12,000 ரூபாய்.

அனுமதியின்போது உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் மாலையில் அன்றைய பில் விவரத்தை வாங்கி, நோட்டில் அன்று கொடுத்த மருந்து, எடுத்த பரிசோதனை ஆகியவற்றோடு ஒத்துப்பாருங்கள். கடைசி நாளில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுன்டரில் நிற்கும்போது இருபது பக்கத்தைச் சரிபார்க்க யாராலும் முடியாது. விவரமான பில் பெறுவது உங்கள் உரிமை. மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி.

கையில் பணம் இல்லாதபோது

நம் பக்கத்தில் அவசரம் என்றால் முதலில் கழுத்துச் சங்கிலிதான் கழன்று வரும். அதில் தவறில்லை, ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. தெருமுனை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 ரூபாய். பொதுத்துறை வங்கியின் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்கும் குறைவாகவே அமைகிறது. இரவில் ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டக் கடையில் வைக்க நேர்ந்தால்கூட, பிள்ளை தேறிய வாரத்திலேயே மீட்டு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். மாதம் 500 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் ஆண்டுக்கு 6,000. ஒரு சாதாரண நோய்க்கு அது தாங்கும். சீருக்கும் மொய்க்கும் எடுத்துவைக்கத் தெரிந்த நமக்கு இது புதிய பழக்கம் அன்று.

வீடு திரும்பிய வாரம்

டிஸ்சார்ஜ் சுருக்கம், பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளைப் படம் எடுத்துவிட்டுக் கோப்பில் போடுங்கள். காப்பீட்டுத் தொகையைப் பிறகு கேட்டுப் பெறுவதாக இருந்தால், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். நோட்டில் புதிய பக்கம் திறந்து, நோயின் பெயர், எத்தனை நாள், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எதற்குத் தடிப்பு வந்தது, மருத்துவமனைக்கு எவ்வளவு, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, கூலி எத்தனை நாள் போயிற்று என்று எழுதுங்கள். தவணையாக வாங்கிய கடனின் அடுத்த தேதியையும் அங்கேயே குறியுங்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பிள்ளையை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய் மறுபடி எடை பாருங்கள். நோயில் இறங்கிய எடை ஏறியிருக்கிறதா என்று முதல் பக்கத்துக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, ஏறவில்லை என்றால் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.